கூட உட்காருகிறவர்

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றுகிறார். அதை ஒரு துண்டில் சுற்றி, மேசையின் அடி இழுப்பறையில் வைத்து மூடுகிறார். டிக் டிக் என்ற சத்தம் சிலருக்கு மண்டைக்குள்ளேயே கேட்குமாம். அடுத்து, மூலையில் முனகிக்கொண்டிருக்கும் குட்டி ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குகிறார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலோரத்து மேசை விளக்கைப் போடுகிறார். கடைசியாகக் குனிந்து, நாற்காலி, தரை மெத்தை, ஜன்னலைப் பார்த்த முக்காலி மூன்றும் சாக்பீஸால் குறித்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார். பெருக்க வருகிற அம்மாள் முக்காலியை நாலு விரற்கடை நகர்த்தியிருப்பார். முணுமுணுத்துக்கொண்டே அதைப் பழைய இடத்துக்கு இழுக்கிறார்.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எதிரெதிராக இரண்டே அறைகள். ஒன்று அவருடையது. மற்றது என் மூக்குக் கண்ணாடிக் கடை. நடுவில் நாலடி நடை, ஒரு பெஞ்சு. ஆள் உள்ளே இருக்கும்போது அவர் அறைக் கதவு சாத்தியிருக்கும். மற்ற நேரங்களில் திறந்தே கிடக்கும். ஆகவே நான் எழுதுவது, கதவு திறந்திருந்தபோது கண்ணில் பட்டதை மட்டும்தான்.

கட்டடத்தில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்கிறார்கள். எனக்கு அவர் அக்கா. மனநல ஆலோசகர் என்று கதவில் பலகை தொங்குகிறது. அந்தப் பலகைமேல் அவருக்கே கோபம். "டாக்டரும் இல்ல, ஆலோசனையும் சொல்றதில்ல. கூட உக்கார்றவ. அவ்வளவுதான் தம்பி. அப்படிப் பலகை எழுதினா எவனும் படியேற மாட்டான்." வயது ஐம்பத்தேழு. ஆள் குள்ளம், நடை மட்டும் எட்டடி. பத்தொன்பது வருஷம் குடிநீர் அலுவலகத்தின் புகார் ஃபோனில் உட்கார்ந்திருந்தவர். தண்ணீர் வரவில்லை என்று திட்டத் தொடங்குகிற ஆள், பாதியில் வேறு எதற்கோ அழத் தொடங்குவாராம். அப்புறம் அதற்கென்றே படித்து, நாற்பது தாண்டித் தேர்வெழுதி, இந்தத் தொழிலுக்கு வந்தார்.

அவரிடம் வருகிறவர்கள் பல தினுசு. பிறந்தபோது ஆண் என்று எழுதிவிட்டார்கள், நான் பெண் என்கிறவர்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள். ரெண்டும் நானில்லை, என்னை விடுங்கள் என்கிறவர்கள். வெளிச்சமும் இரைச்சலும் நமக்கு எட்டுவதைப்போலப் பத்து மடங்கு எட்டுகிற மூளை வாய்த்தவர்கள். ஒரு பக்கம் எழுத நாற்பது பக்கம் கிழிக்கும் எழுத்தாளர், மேடையில் மட்டும் வாய் திறக்கும் பாட்டுக்காரர். இதில் எல்லாமும் ஒரே ஆளாக வருகிறவர்களும் உண்டு. முதல் மாதம் நான் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன், அதை மறைப்பதற்கில்லை. ஒரு நாள் அக்கா நேரே வந்து, "ஏன் தம்பி, உனக்குக் கண்ணுல பவர் ஏறிடுச்சா? இப்படி உத்து உத்துப் பாக்கறியே, டெஸ்ட் பண்ணிக்கறதுதானே?" என்றார். அன்றோடு வாசலில் நிற்பதை விட்டேன்.

புதிதாக வருகிறவரிடம் ஒரு தாள் கொடுப்பார். அதை நகலெடுத்துத் தருகிறவன் நான் என்பதால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். நோய் என்ன, எத்தனை நாளாக என்றெல்லாம் கிடையாது. மூன்றே கேள்விகள். இங்கே உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? கடிதம் போட்டால் உறைமேல் என்ன பெயர் எழுதட்டும்? வீட்டில் வேறு யாராவது ஃபோனை எடுத்தால் நான் யார்? அந்த மூன்றாம் கேள்வியின் புண்ணியத்தில், அக்கா நடையில் நின்று, "பல் டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசறேங்க" என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் புளுகுவதை நானே கேட்டிருக்கிறேன். சில வீடுகளுக்கு அவர் நூலகம், சில வீடுகளுக்குத் தையல் வகுப்பு.

உள்ளே ஒருவருக்கும் ஒரு புத்திமதி சொல்லமாட்டார். பெற்றோர்கள் இதனால் வெறுத்துப்போவார்கள். "எட்டு வாரமா வர்றோம், இப்படி இருக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று ஓர் அப்பா நடையில் குதித்ததைப் பார்த்தேன். ஆனால் உள்ளே சொல்லாமல் அடக்கியதெல்லாம் எங்கே போகிறது என்று அந்த அப்பாவுக்குத் தெரியாது. எல்லாம் என் தலையில்தான் வந்து விடிகிறது. என் சட்டை நிறம் எனக்கு ஒத்துவரவில்லை. கடைப் பலகையில் எழுத்து சாய்ந்திருக்கிறது. என் மகனை அந்தப் பள்ளியில் போட்டிருக்கக்கூடாது. கீழே பழம் விற்கிறவருக்குப் பழத்தை எப்படி அடுக்குவது என்று தினமும் வகுப்பு. அவர் கதவு சாத்தினால்தான் எங்களுக்கு நிம்மதி.

இவ்வளவு வாய் உள்ள மனுஷி ஐம்பது நிமிஷம் எப்படிப் பேசாமல் இருக்கிறார் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. அவர் கண்ணாடியின் கை. காதில் மாட்டுகிற அந்த வளைந்த முனை. பேச்சு நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றி அந்த முனையைக் கடித்துக்கொள்வார். வருஷத்துக்கு ஐந்தாறு முறை எலி கடித்ததுபோல் கொண்டுவந்து நீட்டுவார். "மாத்திக் குடு தம்பி. இந்த மாசம் ரொம்ப நல்லது சொல்லத் தோணிச்சு." ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே நீங்க கடிக்கவே முடியாது, பாருங்க" என்று முனைவரைக்கும் முழு உலோகத்தில் ஒரு ஜோடிக் கை மாட்டிக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

இங்கேதான் சுருள் வருகிறார். சுருள் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர், அவருக்கும் அதில் சம்மதம். இருபத்திரண்டு வயது. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் சுருள், கடைகளில் பில் அடிப்பார்களே, அது. அம்மாவுக்கு மருந்துக்கடை பில் கவுண்டரில் வேலை. ரோல் முடியப்போகிறது என்று காட்ட ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடுமல்லவா, அந்தக் கடைசித் துண்டுகளை அம்மா கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். சுருள் அதில் பேனாவால் கட்டம் கட்டமாகப் படம் போடுவார். கூடம் நீளத்துக்கு ஒரே படக்கதை. வீட்டில் அவரைப் பெண் என்கிறார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆண் என்றும் சொல்வதில்லை.

புதன்கிழமை நாலு மணி அவருடையது. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் படியில் ஒரே சீரான காலடி கேட்கும். பெஞ்சின் இடது கைப்பிடியை ஒரு முறை தொடுவார். எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், என் கடை ஃபிரேம்களைப் பார்ப்பார். ஒரு நாள் உள்ளே வந்து, இரண்டே நிமிஷத்தில் ஒரு தட்டு முழுவதையும் நிற வாரியாக அடுக்கிவிட்டுப் போனார். அந்தத் தட்டை நான் இன்றுவரை கலைக்கவில்லை.

ஏழு மாதம் அவர் அந்த அறையில் ஒரு சொல் பேசவில்லை. தாளைத் தரையில் விரிப்பார். அக்கா மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அக்கா சொல்லவில்லை. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அவர் வாயிலிருந்து உள்விஷயம் வராது. சுருளே பிற்பாடு எனக்கு எழுதிக் கொடுத்தது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு துண்டு ரோலில் பதில் வந்தது: "எழுதலாம். என்னைப் பாவமா காட்டக்கூடாது." காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் படக்கதையில் அதுவரை ஓர் உருவம் வந்துகொண்டே இருந்தது. பேருந்தில், வகுப்பில், சாப்பாட்டு மேசையில். எங்கும் அதற்கு முகமே கிடையாது. ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை, கடைசிக் கட்டத்தில், அதற்கு முகம் வந்தது. சுருளின் முகம். அக்கா அதைப் பார்த்தார். கை கண்ணாடிக்குப் போனது. கடிக்கப் போனால் பல்லில் உலோகம் இடித்தது. "ரொம்ப நல்லா இருக்கு! எவ்வளவு அழகா இருக்கீங்க!" என்று கத்தியேவிட்டார்.

சுருள் தாளைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நடையில் அவர் என்னைக் கடந்தபோது மணி நாலு நாற்பத்து மூன்று. ஒரு நிமிஷம் முன்பின் ஆகாத ஆள், ஏழு நிமிஷம் முன்னதாகப் போனார்.

அக்கா கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் சட்டையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் தம்பி. வாய்ல வைக்க ஒண்ணுமில்லாமப் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை வாங்கி, உலோகக் கையைக் கழற்றிவிட்டு, பழையபடி பிளாஸ்டிக் முனை வைத்த கையை மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த புதன் மூன்று ஐம்பத்தெட்டு. காலடி இல்லை. அக்கா கடிகாரத்தைக் கழற்றினார், ஃபிரிட்ஜை அணைத்தார், விளக்கைப் போட்டார். கதவைத் திறந்து வைத்தபடி மெத்தையில் உட்கார்ந்தார். நாலு ஐம்பது வரை அப்படியே. ஃபோனில்லை, புத்தகமில்லை. "ஒரு ஃபோன் போட்டுப் பாக்கறதுதானே அக்கா?" என்றேன். "போட்டா வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அவங்க வந்தா அவங்க காலால வரணும்." அதற்கடுத்த வாரமும் இதேதான். அந்த நேரத்துக்கு எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஒரு கடிதம் மட்டும் போட்டார். உறைமேல் வீட்டில் கூப்பிடும் பெயர், உள்ளே இங்கத்துப் பெயர். சுருள் அதை ஹெட்ஃபோன் உறையில் மடித்து வைத்திருந்து பிற்பாடு எனக்குக் காட்டினார். நாலே வரி. "அன்றைக்கு உங்கள் படத்துக்கு நான் மார்க் போட்டேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால், நாளைக்கு நல்லா இல்லாததை நீங்கள் இங்கே கொண்டுவர முடியாது. அது என் தப்பு. புதன் நாலு மணி, வந்தாலும் வராவிட்டாலும், உங்களுடையது." படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அழகாக இருக்கிறது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டவரை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. முதலில் நானும் சிரித்தேன். அன்று ராத்திரி, நாலாம் வகுப்பில் டீச்சர் "வெரி குட்" போட்ட ஒரு நோட்டு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த நோட்டில் தப்பு வந்துவிடுமோ என்று நான் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு எழுதியதும் ஞாபகம் வந்தது.

மூன்றாவது புதன், நாலு மணிக்கு, சுருளின் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தோளில் மருந்துக்கடைப் பெயர் போட்ட பை. திறந்த கதவு வழியே காலி அறையைப் பார்த்தார்.

"எம் பொண்ணு எங்க மேடம்?"

"யார் வந்தாங்க, வரலைன்னு நான் சொல்லக்கூடாதும்மா."

"புதன்கிழமை ஆனா மூணு மணிக்குக் கிளம்பிப் போகுது. இங்கதான் வருதுன்னு நெனச்சுட்டிருந்தேன். எங்க போகுது? என்ன சொன்னீங்க அது கிட்ட? முன்னெல்லாம் புதன்கிழமை மட்டுமாவது எங்கூட உக்காந்து சாப்பிடும். இப்ப அதுவும் இல்ல. நான் கொண்டாந்து வெச்ச ரோல் எல்லாம் வெச்ச இடத்துலயே கெடக்கு. படமே போடல மேடம்!"

அக்கா மெத்தையில் இருந்தபடியே, "நான் ஒரு தப்புப் பண்ணேன். அது மட்டும் சொல்லலாம்" என்றார்.

"அப்ப நான் உள்ள வந்து உக்கார்றேன். நீங்க எனக்கு என்னன்னு சொல்லுங்க."

"வேற எந்த நேரம் வேணாலும் வாங்க, உக்காந்து பேசலாம். இந்த நேரம் அவங்களோடது."

"யாருமே இல்லையே உள்ள!"

"ஆமா. இருந்தாலும் அவங்களோடதுதான்."

அம்மா படபடவென்று இரண்டு படி இறங்கினார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பிள்ளை இல்லாத அறையை, பிள்ளைக்காக ஒருத்தி காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, நாலு ஐம்பது வரை கண் எடுக்காமல் பார்த்தார். அக்காவும் அசையவில்லை.

நாலாவது புதனும் அம்மா வந்தார். கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாராம். பெஞ்சில் உட்கார்ந்தவர் சும்மா இருக்கமுடியாமல் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். பில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். கண்ணைச் சோதித்துப் படிக்கிற கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு, எதிர் அறையைப் பார்த்தபடி, "சின்னதுலேர்ந்து அது என்ன வரைஞ்சாலும் சூப்பர், சூப்பர்னுதான் சார் சொல்லியிருக்கேன். ஒரு நாள்கூட அது என்னன்னு கேட்டதில்ல" என்றார். நான் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது புதன் அம்மா படியில் ஓடியே வந்தார். "சார், ஒரு ரோலைக் காணோம் சார்! நாலு வெச்சிருந்தேன், மூணுதான் இருக்கு. என் பிள்ளை எடுத்திருக்கு!" அக்காவுக்கும் அது கேட்டிருக்கும். மெத்தையை விட்டு எழவில்லை. இடது கால் பெருவிரல் மட்டும் ஆடியது.

இந்த ஐந்து வாரத்தில் அக்கா எங்களுக்குச் சொன்ன புத்திமதி பூஜ்யம். பழக்காரர் மாடியேறி வந்து, "டாக்டரம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார். பழத்தை வேண்டுமென்றே தாறுமாறாக அடுக்கிப் பார்த்தாராம். அக்கா ஒன்றும் சொல்லாமல் கடந்து போனாராம்.

ஆறாவது புதன். அம்மா பெஞ்சில். நான் கடை வாசலில். நாலடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது படியில் காலடி கேட்டது. ஒரே சீராக. அம்மா எழப்போனவர், என்னைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார். சுருள் மேலே வந்தார். பெஞ்சின் இடது கைப்பிடியில் அம்மாவின் கை இருந்தது. அம்மா மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். சுருள் அந்த இடத்தை ஒரு முறை தொட்டார்.

வாசற்படியில் நின்றார். உள்ளே போகவில்லை. அக்கா "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. சுருள் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ரோலை எடுத்தார். அதன் நுனியைக் காலடியில் மிதித்துக்கொண்டு, உருளையை அறைக்குள் தள்ளினார். அது விரிந்துகொண்டே உருண்டு, முக்காலிக்குக் கீழே நுழைந்து, மெத்தையின் ஓரத்தில் இடித்து நின்றது. பிறகு, கதவைச் சாத்துவதற்குப் பதிலாக, அதை இன்னும் அகலமாகத் தள்ளித் திறந்தார். ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினார். யார் முகத்தையும் பார்க்காமல், "அம்மாவும் பாக்கலாம்" என்றார்.

அக்கா முழங்காலில் தவழ்ந்தே வாசல்வரை வந்தார். கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு திரும்ப உள்ளே நகர்ந்தார். முழங்கால் மூட்டு சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் கழுத்தை நீட்டினேன், சுருள் தடுக்கவில்லை.

எல்லாக் கட்டத்திலும் ஒரே காட்சி. எதிர்சாரிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால் தெரிகிற எங்கள் கட்டடம். இரண்டாம் மாடி ஜன்னலில் மேசை விளக்கு. விளக்குக்குக் கீழே, மெத்தையில், கண்ணாடி போட்ட ஒரு குள்ளமான உருவம் தனியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே தேதி. அடுத்த புதன், மறுபடியும் ஜன்னல், விளக்கு, அதே உருவம். மூன்றாவது கட்டத்திலிருந்து கட்டட வாசலில் இன்னொரு பெண் வருகிறார், தோளில் மருந்துக்கடைப் பை. நாலாவதிலும் அதே பை. ஐந்தாவதில் பையோடு ஓடுகிறார். ஐந்து வாரமும் மூன்று மணிக்குக் கிளம்பிப்போன பிள்ளை எங்கே போனது என்பது அந்தத் தாளில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஜன்னல் இல்லை. எங்கள் மாடிப்படி. முதல் படியில் ஹெட்ஃபோன் போட்ட ஒருவர் கால் வைக்கிறார். அவருக்கு முகம் இருந்தது. ஓரத்துச் சிவப்புக் கோடு அந்த முகத்தின்மேல் ஓடியது, சுருள் அதை விலக்கிப் போட மெனக்கெடவில்லை.

அக்கா நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. உதடு திறந்தது. சட்டென்று கண்ணாடியைக் கழற்றி அதன் கையை வாயில் வைத்து ஒரு கடி கடித்தார். 'கடக்' என்று முனை உடைந்த சத்தம் நடைவரை கேட்டது. எனக்கு அதுபோல் சந்தோஷமான சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது.

சுருள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். அம்மா நிலைப்படியிலேயே நின்றார். தாளில் ஓடிக்கொண்டிருந்த தன்னைப் பார்த்தார், கடைசிக் கட்டத்தின் முகத்தைப் பார்த்தார், முக்காலியில் இருந்த முகத்தைப் பார்த்தார். "சூ..." என்று ஆரம்பித்தார். எதிரே அக்கா உடைந்த முனையைப் பல்லிடுக்கில் வைத்தபடி உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. அம்மா வாயை மூடினார். இரண்டு வாரத்துக்கு முன் நான் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, அதன் கையை வாயில் வைத்து, இறுகக் கடித்துக்கொண்டார்.